மூன்று சுழிக்கு எங்கே இடம்?

மும்பையின் ஏக் டைப் நிறுவனம் வடிவமைத்து 2016இல் வெளிவந்த 'பலூ' எழுத்துருக் குடும்பத்தில் தமிழுக்கு வாய்த்தவர் 'பலூ தம்பி'. மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, பஞ்சாபிக்குப் பாஜி என்று உறவுமுறை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள். பலூ என்றால் கரடி. பெயரில் மட்டுமா கரடி? கொழுத்த கோடு, மழுங்கிய முனை, பிதுங்கும் வளைவு என்று உடம்பெல்லாம் கரடிதான். பன்மொழி விளம்பரங்களில் ஆங்கிலப் பெயர் துள்ளிக் குதிக்க, பக்கத்திலேயே தமிழ் பாடநூல் எழுத்தில் விறைத்து நிற்கும் காட்சி நமக்குப் பழகிப்போன ஒன்று. அந்த ஏற்றத்தாழ்வை இந்தக் குடும்பம் குறைத்தது. அதுவும் யாரும் காசு கொடுக்காமல் எடுத்தாளும் உரிமத்தோடு. சின்ன விஷயமில்லை இது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. லத்தீனில் நேர்கோடுகளால் ஆன எழுத்துகள் நிறைய. அவற்றின் முனையை மழுக்கினாலே ஒரு குழந்தைத்தனம் வந்துவிடும். தமிழோ பிறவியிலேயே வளைந்தது. முனையை உருட்டுவதால் இங்கே கூடுவது கொஞ்சம்தான். எனவே விளையாட்டுக் குணத்தைப் பெரும்பாலும் தடிமன்தான் சுமக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தடிமன் முதலில் கைவைப்பது சுழியில். 'ண'வையும் 'ன'வையும் நாம் மூன்று சுழி, இரண்டு சுழி என்று எண்ணித்தான் பிரிக்கிறோம். சுழிக்குள் இருக்கும் வெள்ளைதான் அந்த எழுத்தின் அடையாளமே. கோடு கொழுத்தால் அந்த வெள்ளை அடைபடும். காப்பாற்ற இரண்டே வழி: உள்கோட்டை மெலிக்கலாம், அல்லது எழுத்தை அகட்டலாம். மெலித்தால் கரடி இளைத்துவிடும். அகட்டினால், ஒட்டுகளைச் சேர்த்துக்கொண்டே நீளும் தமிழ்ச் சொல் இன்னும் நீளும். 'எண்ணெய்க்கிண்ணம்' என்று ஒருமுறை அடித்துப் பார்த்தால் போதும். மேலே புள்ளி, கீழே உகரத்தின் வால் இரண்டும் தடித்து வரிகளுக்கிடையே நெரிசலாவது தனிக்கதை.

தலைப்புக்கென்று செய்த எழுத்தைச் சிறிய அளவில் வைத்துக் குறைசொல்வது நியாயமா என்று கேட்கலாம். கேள்வி சரிதான். ஆனால் இன்றைய தலைப்பு பெரும்பாலும் கைபேசித் திரையில், கட்டைவிரல் நகமளவுப் படத்துக்குள்தான் வாழ்கிறது; அங்கே பெரிய எழுத்தென்று எதுவுமில்லை. சுவரெழுத்துக் கலைஞர்கள் இதைவிடத் தடித்த, உருண்ட எழுத்துகளைக் காலங்காலமாக எழுதவில்லையா என்பது இன்னும் வலுவான மறுப்பு. எழுதினார்கள். ஆனால் அவர்கள் சுவரின் அகலம் பார்த்து இந்தச் சொல்லில் 'ண'வை ஒடுக்கினார்கள், அடுத்த சொல்லில் அகட்டினார்கள். எழுத்துருவில் இருப்பதோ எல்லாச் சொல்லுக்கும் ஒரே 'ண'. கைக்கு இருந்த அந்த நெளிவுசுளிவை ஓரளவு ஈடுகட்டுவது, பின்னர் வந்த 'பலூ 2'இன் 5 தடிமன்கள். முதல் பலூவில் இருந்ததோ ஒன்றே ஒன்று, அதுவும் மிகக் கொழுத்தது. 'லட்டு' என்று கடைப்பலகையில் எழுத அந்தக் கொழுத்ததே போதும், சுழி நெரிசலும் இல்லை. எண்ணெய்ப் புட்டியின் விரலகலச் சீட்டுக்கு நடுத்தடிமனைத்தான் எடுக்க வேண்டும், துள்ளல் பாதி குறைந்தாலும்.