கொல்கத்தாவின் காலி இடத்தை ரசிப்பது எப்படி?

போரில் அழிந்து மீண்டும் எழுந்த ஊர் என்றால் நமக்கு ஹிரோஷிமாதான் நினைவுக்கு வரும். அங்கே போகிறவர்கள் எலும்புக்கூடாக நிற்கும் அந்தக் குவிமாடத்தைப் படமெடுக்கிறார்கள். பக்கத்திலேயே பரந்து கிடக்கும் அமைதிப் பூங்காவில் மரநிழல் தேடி உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். 1945 ஆகஸ்ட் 6 காலைவரை அந்தப் பூங்காதான் நகாஜிமா என்னும் நெருக்கமான பேட்டை. வீடும் கடையுமாக இருந்த இடம். மீண்டெழுந்த ஊரைப் பார்க்க வேண்டுமானால் புதுக் கட்டடங்களைவிடக் காலி இடங்களைப் பார்க்கப் பழக வேண்டும். அதற்கு ஜப்பான்வரை போக வேண்டியதில்லை, கொல்கத்தா போதும்.

1756 ஜூனில் வங்காள நவாப் சிராஜ் உத் தௌலா, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையிலிருந்த இந்த ஊரைப் பிடித்தார். பெயரையே அலிநகர் என்று மாற்றினார். வெள்ளையர் வாழ்ந்த பகுதி சூறையாடப்பட்டது, செயின்ட் ஆன் தேவாலயம் பாழானது. மதராஸிலிருந்து கப்பலேறிப் போன ஆங்கிலேயத் தளபதிகள் கிளைவும் வாட்சனும் 1757 ஜனவரியில் ஊரை மீட்டார்கள். பிளாசிப் போருக்குப் பிறகு புதிய நவாப் மீர் ஜாபர் நஷ்டஈடு தர ஒப்புக்கொண்டார்: கம்பெனிக்கு 1 கோடி ரூபாய், ஆங்கிலேயக் குடிகளுக்கு 50 லட்சம், இந்துக்கள், முஸ்லிம்கள் உள்ளிட்ட உள்ளூர்க் குடிகளுக்கு 20 லட்சம், ஆர்மீனியர்களுக்கு 7 லட்சம். யாருக்கு எவ்வளவு என்ற இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போவது நல்லது. மற்ற நாட்களில் அலுவலகக் கூட்டம் உங்களை நிற்கவிடாது. மகாகரண் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் லால் திகி குளம். வடகரையில் நீளமாகச் சிவந்து நிற்கும் ரைட்டர்ஸ் பில்டிங்கை எல்லோரும் பார்ப்பார்கள். அந்த வளாகத்துக்குள்தான் பாழான தேவாலயத்தின் மனையும் அடங்கிப்போனது என்பதை நீங்கள் நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு மேற்குக் கரையில் இருக்கும் தலைமை அஞ்சலகத்துக்கு வாருங்கள். வால்டர் கிரான்வில் வடிவமைத்து 1868-ல் முடிந்த வெள்ளைக் குவிமாடக் கட்டடம் அது. தலையை நிமிர்த்தாதீர்கள், குனியுங்கள். படிகளில் ஒரு பித்தளைக் கோடு ஓடும். பழைய வில்லியம் கோட்டையின் தென்கிழக்குக் கொத்தளம் இருந்த எல்லை அது. நவாப் பிடித்த கோட்டையில் இங்கே கண்ணுக்குத் தெரிவது அந்தக் கோடுதான். தபால் தலை வாங்க வருகிறவர்கள் அதை மிதித்துக்கொண்டு போகிறார்கள், தவறில்லை.

கோட்டை வீழ்ந்த இரவில் பிடிபட்டவர்களைச் சிறிய அறையில் அடைத்ததில் பலர் மூச்சுத்திணறி இறந்த இருட்டறைச் சம்பவத்தைப் பற்றி வழிகாட்டிகள் அதிகம் பேசுவார்கள். 146 பேரை அடைத்ததாக, அதில் உயிர்தப்பிய ஹால்வெல் எழுதியதைப் பிற்கால ஆய்வாளர்கள் ஏற்கவில்லை, எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். வைஸ்ராய் கர்சன் எழுப்பிய அதன் நினைவுத் தூண், சுபாஷ் சந்திர போஸ் நடத்திய கிளர்ச்சிக்குப் பின் 1940-ல் தெருவிலிருந்து அகற்றப்பட்டது. இப்போது அது பக்கத்திலுள்ள செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தின் ஒரு மூலையில் இருக்கிறது.

அந்த வளாகத்துக்குப் போவதற்கு வேறு காரணம் உண்டு. இங்கே கம்பெனியின் குடியிருப்பைத் தொடங்கிய ஜாப் சார்னாக்கின் கல்லறை 1756-க்கு முன்பிருந்தே அங்கே நிற்கிறது. ஊர் அழிந்தபோது தப்பிய கட்டடம். உள்ளே இருக்கும் கருங்கல் பலகை நம் பல்லாவரத்துக் கல். அந்தக் கல்வகையை ஆராய்ந்த நிலவியலாளர் ஹாலந்து, 1893-ல் அதற்குச் சார்னாக்கின் பெயரையே சூட்டினார். சார்னோகைட் என்று நம் பாடப் புத்தகத்தில் வருவது இதுதான். கொல்கத்தாவில் ஆசையாகத் தொட்டுப் பார்க்க நமக்கென்று ஒரு கல் இருக்கிறது.

இனி தெற்கே நடங்கள். ராஜ்பவனைத் தாண்டினால் மைதானம், ஏறத்தாழ 400 ஹெக்டேர். ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், டிராம் பாதை புல்லுக்குள் புதைந்து கிடக்கும். இதைப் பூங்கா என்று நினைத்தால் பாதி ரசனை போய்விடும். 1756-ல் கோட்டையைச் சுற்றி நெருங்கி நின்ற வீடுகளின் மேலும் தேவாலயத்தின் மேலும் ஏறித்தான் நவாபின் ஆட்கள் உள்ளே சுட்டார்கள். அந்தப் பாடத்தைக் கற்ற கம்பெனி 1758-ல் புதிய கோட்டையைத் தொடங்கியபோது, பீரங்கிக் குண்டு தடையின்றிப் பாய வெட்டவெளி வேண்டும் என்று முடிவுசெய்தது. அதற்காகக் கோவிந்தபூர் என்னும் ஊரையே காலிசெய்தார்கள். அங்கிருந்தவர்களுக்குக் குமார்துலி, சோபாபஜார், தால்தலா பக்கம் மாற்று நிலம் கிடைத்தது. இடம்பெயர்ந்த குடும்பங்களில் தாகூரின் முன்னோரும் உண்டு. என்னைக் கேட்டால், கொல்கத்தாவை அதிகம் அழித்தது நவாபின் முற்றுகை அல்ல, அதற்குப் பின் நடந்த சீரமைப்பு. முற்றுகை சில நாட்களில் முடிந்தது. கோவிந்தபூர் திரும்பவே இல்லை.

இத்தனை செய்து 1781-ல் முடித்த கோட்டை, ஒரு முற்றுகையைக்கூடச் சந்திக்கவில்லை என்பது தனிக் கதை. அந்த வெட்டவெளி மட்டும் வேறொரு போரில் பயன்பட்டது. 1942 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் கொல்கத்தாமேல் குண்டு வீசத் தொடங்கின. 1943 டிசம்பர் 5-ல் பட்டப்பகலில் கிதிர்பூர் துறைமுகத்தைத் தாக்கின. அந்தக் காலத்தில் மைதானத்தின் குறுக்கே போகும் ரெட் ரோடு, போர் விமானங்களின் ஓடுதளமாக இருந்தது. சாலை ஏன் இவ்வளவு நேராக, அகலமாக இருக்கிறது என்று நடுவில் நின்று பார்க்காதீர்கள், பஸ் வரும். ஓரமாக நின்று பாருங்கள், விமானம் இறங்கும் தூரம் கண்ணுக்குப் புரியும்.

கோட்டைக்குள் அனுமதியின்றிப் போக முடியாது. ராணுவத்தின் கிழக்குத் தலைமையகம் அங்கே இருக்கிறது, இப்போது பெயர் விஜய் துர்க். மைதானமும் ராணுவத்தின் பொறுப்பில் இருப்பதால்தான் இத்தனை காலமாக அடுக்குமாடி எதுவும் அதில் முளைக்கவில்லை.

இந்தப் பார்வை பழகிவிட்டால் சென்னையிலும் ஒரு காலை செலவழியுங்கள். உயர் நீதிமன்றம் நிற்பது, இதே காரணத்துக்காக இடிக்கப்பட்ட பழைய கறுப்பர் நகரத்தின் மேல். கட்டக் கூடாத வெளியின் எல்லையைக் காட்ட 1773-ல் நட்ட ஆறு தூண்களில் ஒன்று இன்னும் பாரிமுனையில் டேர் ஹவுஸ் மூலையில் இருக்கிறது. நடைபாதைக் கடைகளுக்கு நடுவே தேட வேண்டியிருக்கும்.