எரிபொருள் கொண்டுவந்தவன் எங்கே?

‘பேட்டன்’ படம் மூன்று மணி நேரத்துக்கு எட்டு நிமிடம் குறைவு. ஃபிராங்க்ளின் ஷாஃப்னர் இயக்கி 1970ல் வந்தது. சிறந்த படம் உட்பட ஏழு ஆஸ்கர் பரிசுகள். ஜெனரலாக நடித்த ஜார்ஜ் சி. ஸ்காட் தனக்குத் தந்ததை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வியட்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். கம்போடியாவுக்குள் படை அனுப்புவதற்கு முன் நிக்சன் இதை ஒரு முறைக்கு மேல் போட்டுப் பார்த்தார். யுத்தத்தை எதிர்த்தவர்களும் ரசித்தார்கள். இரண்டு தரப்பும் கைதட்டுகிற பிரதியை நாம கொஞ்சம் சந்தேகத்தோடதான் பார்க்கணும்.

படத்தில் ஜெனரலின் பெரிய குற்றம் ஓர் அறை. 1943 ஆகஸ்டில் சிசிலியின் மருத்துவமனைக் கூடாரத்தில், யுத்தத்தால் மனம் உடைந்த சிப்பாயைக் கோழை என்று திட்டி அடிக்கிறார். நிஜத்தில் அடி வாங்கியவர்கள் இரண்டு பேர். படம் ஒருவராக்கிவிட்டது. அப்புறம் மன்னிப்புக் கேட்கவைக்கிறார்கள், பதவி போகிறது, திரும்பி வருகிறார், ஜெயிக்கிறார். ‘ஆண்டைக்குக் கை நீளும், ஆனா வெள்ளை மனசு’ என்று நாம் கேட்டு வளர்ந்த அதே கதைதான். குற்றத்தை ஒரு மனிதனின் கோபமாகச் சுருக்கிவிட்டால், அவன் நின்ற படையே எப்படிக் கட்டப்பட்டது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

எப்படிக் கட்டப்பட்டது? கறுப்பருக்குத் தனிப் பிரிவு, தனிக் கொட்டகை, தனிச் சாப்பாட்டுக் கூடம். பெரும்பாலானோருக்குக் கிடைத்தது துப்பாக்கி அல்ல, மண்வெட்டியும் லாரியும். இந்தப் பிரிவினையை முடிக்கும் ட்ரூமனின் ஆணை 1948 ஜூலையில்தான் வந்தது.

‘படம் பேட்டனைப் பற்றியதுங்க, எல்லாரையும் காட்ட முடியுமா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால் படத்துக்கு உள்ளேயே இருந்து பேசுவோம். 1944 ஆகஸ்ட் கடைசியில் பெட்ரோல் தீர்ந்து பேட்டனின் மூன்றாம் ராணுவம் நின்றுபோகிறது. படத்தில் இது பெரிய திருப்பம். அந்த ராணுவம் அவ்வளவு தூரம் ஓடியதற்கும் அதன்பின் மறுபடி நகர்ந்ததற்கும் பெட்ரோல் எங்கிருந்து வந்தது? ரெட் பால் எக்ஸ்பிரஸ் என்ற லாரி அணி அந்த ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை இரவு பகலாக ஓடியது. உச்சத்தில் நாளுக்கு ஏறக்குறைய 12,500 டன் சுமந்தது. ஓட்டுநர்களில் நான்கில் மூன்று பங்கு கறுப்பர்கள். பெட்ரோல் தீர்ந்தது கதை. கொண்டுவந்தவன் கதையில்லை!

அந்த நவம்பரிலேயே 761ஆவது டாங்கிப் படைப்பிரிவு பேட்டனின் கீழ் களத்தில் இறங்கியது. யுத்தம் கண்ட முதல் கறுப்பர் டாங்கிப் பிரிவு. அதன் சின்னம் கருஞ்சிறுத்தை. 1972ல் பம்பாயில் தோன்றிய தலித் பேந்தர்ஸ் தன் பெயரை அமெரிக்கக் கருஞ்சிறுத்தைக் கட்சியிடமிருந்து எடுத்தது நமக்குத் தெரியும். அந்தக் கட்சி தொடங்கியது 1966ல். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாக முன்பே இவர்கள் சிறுத்தையை அணிந்திருந்தார்கள். இதே பிரிவில் இருந்த ஜாக்கி ராபின்சன், பிற்காலத்தில் பேஸ்பால் வீரராகப் புகழ்பெற்றவர், பேருந்தில் பின்னிருக்கைக்குப் போக மறுத்ததற்காக 1944ல் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு விடுதலையானார்.

பேட்டன் நேரில் வந்து இந்த வீரர்களை உற்சாகப்படுத்திப் பேசினார். ஆனால் கறுப்பனுக்கு டாங்கிச் சண்டைக்கு வேண்டிய வேகத்தில் யோசிக்க வராது என்று தன் நூலில் எழுதிவைத்தார். தேவைக்குத் தொடு, தேவை முடிந்தால் தீட்டு. அந்தப் பிரிவோ 183 நாள் களத்தில் இருந்தது. ரூபன் ரிவர்ஸ் காலில் காயத்தோடு பின்வாங்க மறுத்து, 1944 நவம்பர் 19ல் டாங்கியிலேயே செத்தார். அவருக்கு உயர்ந்த விருது வந்தது 1997ல்.

படத்தில் என் நினைவில் நின்ற கறுப்பு முகம் ஒன்றுதான். ஜெனரலின் பணியாள் சார்ஜெண்ட் மீக்ஸ். நடித்தவர் ஜேம்ஸ் எட்வர்ட்ஸ். 1949ல் ‘ஹோம் ஆஃப் த பிரேவ்’ படத்தில், நிறவெறியால் மனம் முறிந்து நடக்க முடியாமல் போகிற கறுப்புச் சிப்பாயாக நடித்தவர் இவரே. இருபது ஆண்டு கழித்து அவருக்குக் கிடைத்தது எடுபிடி வேடம். படம் திரைக்கு வருவதற்கு முன்னமே, 1970 ஜனவரியில் இறந்துபோனார்.

இந்த மௌனம் தற்செயலா? திரைக்கதைக்கு யாருடைய சாட்சியம் எடுக்கப்பட்டது என்று பாருங்கள். ஒன்று பேட்டனின் வாழ்க்கை வரலாறு. இன்னொன்று ஜெனரல் பிராட்லியின் நினைவுநூல். பிராட்லியே படத்துக்கு ஆலோசகர். கார்ல் மால்டன் அவரைச் சிப்பாய்களின் நண்பனாக, சாதுவாக நடித்துக் காட்டுகிறார். 1948ல் ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த இதே பிராட்லிதான், சமூகச் சீர்திருத்தம் ராணுவத்தின் வேலையல்ல என்ற பொருளில் பேசியவர். சாட்சியம் சொல்ல வேறு ஆளே இல்லையா? இருந்தார்கள். ட்ரெஸ்வன்ட் ஆண்டர்சன் என்ற கறுப்புப் பத்திரிகையாளர் 761ஆவது பிரிவின் வரலாற்றை 1945லேயே புத்தகமாக்கிவிட்டார். படம் வருவதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்பு.

கடைசிக் காட்சியில் ஜெனரல் நாயோடு நடந்துபோகிறார். வெற்றி ஊர்வலத்தில் ரோமானியத் தளபதியின் பின்னால் ஓர் அடிமை நின்று, புகழ் நிலைக்காது என்று காதில் சொல்வான் என அவர் குரல் கேட்கிறது. படம் முழுக்கக் காணாமல்போன அடிமை முடிவில் உவமையாக வருகிறான், அதுவும் ஜெனரலுக்குப் புத்தி சொல்ல. தேரின் பின்னால் நின்று அவன் பார்த்தது என்ன என்று படம் கேட்கவில்லை.

யுத்தப் படம் பார்க்கிற தோழர்களே, யார் ஜெயித்தான் என்பதோடு எழுந்துவிடாதீர்கள். லாரி ஓட்டியவன் யார், குழி வெட்டியவன் யார், அவர்கள் வாக்குமூலம் எந்த அலமாரியில் கிடக்கிறது என்று தேடுங்கள். தேடி எடுத்துத் தமிழில் போடுங்கள்.