சுவரொட்டியின் அடியில் ஒரு வரி

தேர்தலில் எதிராளியின் குறையைச் சொல்லி வாக்குக் கேட்பது எவ்வளவு தூரம் பலிக்கும்? இந்தக் கேள்விக்குத் தமிழகத்தில் நடந்த மிகத் தெளிவான சோதனை, 2015 பிப்ரவரி 13 அன்று நடந்த ஸ்ரீரங்கம் இடைத்தேர்தல். 2011-இல் அங்கே 41,848 வாக்கு வித்தியாசத்தில் வென்று முதலமைச்சரான ஜெயலலிதாவை, 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு தனி நீதிமன்றம் சொத்துக்குவிப்பு வழக்கில் தண்டித்தது. நான்கு ஆண்டு சிறை, 100 கோடி ரூபாய் அபராதம். தொகுதி காலியானதே அந்தத் தீர்ப்பால்தான். எதிர்க்கட்சிகளுக்கு இதைவிடக் கூரிய ஆயுதம் கிடைத்திருக்க முடியாது. வதந்தி இல்லை, மொட்டைக் கடுதாசி இல்லை, நீதிமன்றத்தின் தீர்ப்பே கையில் இருந்தது. வாக்கு எண்ணி முடித்தபோது அதிமுகவின் வளர்மதி, திமுகவின் ஆனந்தைவிட 96,516 வாக்குகள் கூடுதலாகப் பெற்றிருந்தார். தலைவி சொந்தமாக வாங்கிய வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இடைத்தேர்தல் என்றால் ஆளுங்கட்சிதான் என்பது தமிழகத்தில் பழகிப்போன கணக்கு. அமைச்சர்கள் தொகுதியிலேயே முகாமிடுவார்கள், அரசு இயந்திரம் முழுவதும் அங்கே திரும்பும். அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. ‘தண்டிக்கப்பட்டவர்’ என்று ஒரு தரப்பு சொன்னது, அவரை நேசித்த வாக்காளர் காதில் ‘அம்மாவைப் படுத்துகிறார்கள்’ என்றே விழுந்தது. உண்மையான குற்றச்சாட்டுகூட, சொல்பவர் யார், கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துத் திசை மாறிவிடும்.

அமெரிக்காவில் இத்தகைய எதிர்மறைப் பிரசாரம் பல்கலைக்கழகங்களில் நீண்ட காலமாக ஆராயப்படுகிறது. தாக்குதல் விளம்பரங்கள் மக்களை வாக்குச்சாவடிக்கே வராமல் செய்துவிடுகின்றன என்று ஸ்டீபன் அன்சோலபெஹர், சாந்தோ ஐயங்கார் என்ற இரு அறிஞர்கள் 1995-இல் ஒரு நூலில் வாதிட்டார்கள். அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து ரிச்சர்ட் லாவும் அவருடைய சகாக்களும் 2007-இல் வெளியிட்ட மதிப்பீடு வேறு முடிவுக்கு வந்தது. அப்படிப்பட்ட விளம்பரங்கள் மனதில் நன்றாகத் தங்குகின்றன. ஆனால் வாக்குகளை ஈட்டித் தருகின்றன என்பதற்கு உறுதியான சான்று இல்லை. வாக்குப்பதிவை அவை குறைப்பதாகவும் நிறுவ முடியவில்லை. ஸ்ரீரங்கத்து முடிவைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

தமிழகத்தில் இந்தக் கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1956-இல் திருச்சியில் கூடிய மாநில மாநாட்டில்தான் தேர்தலில் போட்டியிடுவது என்று திமுக முடிவெடுத்தது. வானொலி கைக்கு எட்டாத கட்சிக்கு அப்போது கைகொடுத்த ஊடகங்கள் சுவரும் மேடையும். தெருமுனைக் கூட்டம், சுவர் எழுத்து, எதுகை மோனையோடு கோஷம். 1967 தேர்தலில் அரிசி விலையும் பருப்பு விலையும் முதலமைச்சர் பக்தவத்சலத்தையும் காமராஜரையும் பெயர் சொல்லிக் கேட்கும் கோஷங்களாக மாறித் தெருவெங்கும் ஒலித்தன. அந்த ஜனவரி 12 அன்று சுடப்பட்ட எம்.ஜி.ஆர். கழுத்தில் கட்டோடு இருக்கும் படம் சுவர்களில் ஏறியது. விருதுநகரில் காமராஜர் 1,285 வாக்குகளில் தோற்றார். அவர் தோல்வியை இன்றும் பலர் வருத்தத்தோடு நினைவுகூர்கிறார்கள். ஆனாலும் அன்றைய கோஷம் அவரது ஒழுக்கத்தைத் தொடவில்லை. கடையில் இருந்த விலையைத்தான் தொட்டது. அந்த விலை பொய்யா மெய்யா என்று ஒவ்வொரு குடும்பமும் தன் சமையலறையிலேயே பார்த்துக்கொள்ள முடிந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து ஆயுதம் எதிர்ப்பக்கம் போனது. 1971 ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகம் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தில் ராமர் உருவம் செருப்பால் அடிக்கப்பட்டதாக எழுந்த விவகாரம், அடுத்து வந்த தேர்தலில் சுவரொட்டியானது. ஊர்வலத்தை நடத்தியது திமுக அல்ல. என்றாலும் ஆட்சியில் இருந்தது அந்தக் கட்சி என்பதால், ராமனை அவமதித்தவர்களுக்கா வாக்கு என்று ஸ்தாபன காங்கிரசும் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் சேர்ந்த அணி ஊர் ஊராகக் கேட்டது. திமுக 184 இடங்களில் வென்றது. தமிழக வாக்காளர் கோயிலுக்குப் போவதும் வாக்குச்சாவடிக்குப் போவதும் தனித்தனிக் காரியங்கள் என்பதை அந்தத் தேர்தல் காட்டிவிட்டது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2023 நவம்பரில், அதே திசையில் இன்னொரு முயற்சி ஸ்ரீரங்கத்திலேயே நடந்தது. பாஜகவின் அப்போதைய மாநிலத் தலைவர் அண்ணாமலை தன் நடைபயணத்தின்போது, தங்கள் ஆட்சி வந்தால் கோயில்களுக்கு வெளியே இருக்கும் பெரியார் சிலைகள் அகற்றப்படும் என்று பேசினார். ராஜகோபுரத்துக்கு எதிரே நிற்கும் சிலையை மனதில் வைத்த பேச்சு அது. அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் 39 இடங்களையும் திமுக அணி பிடித்தது.

வதந்தி என்பது வேறு வகை. 1984-இல் எம்.ஜி.ஆர். புரூக்ளின் மருத்துவமனையில் கிடந்தபோது அவர் உடல்நிலை பற்றிப் பரவிய பேச்சுகளுக்குப் பதிலாக, மருத்துவமனையில் அவர் இருக்கும் காட்சிகளைப் படமாக்கி ஊர்தோறும் திரையிட்டார்கள். சுவரொட்டியும் மேடையும் கொண்டுவந்த பழியை ஒரு படம் துடைத்துப்போட்டது. அவர் தமிழகத்தில் காலடி வைக்காமலே அதிமுக வென்றது. 1996-இல் படமே தாக்கும் ஆயுதமானது. 1993-இல் தொடங்கிய சன் தொலைக்காட்சி, ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் திருமணத்தின் ஆடம்பரத்தையும், அவர் மீண்டும் வந்தால் ஆண்டவனாலும் தமிழகத்தைக் காப்பாற்ற முடியாது என்ற பொருளில் ரஜினிகாந்த் சொன்னதையும் வரவேற்பறைக்கே கொண்டுபோனது. பர்கூரில் முதலமைச்சரே தோற்றார். அதன்பிறகு ஒவ்வொரு பெரிய கட்சிக்கும் சொந்தமாக ஒரு தொலைக்காட்சி தேவைப்பட்டது.

ஆளைத் தாக்கும் பிரசாரம் தாக்கியவரையே சாய்த்த கதையும் உண்டு. 2011-இல் திமுகவுக்காக ஊர் ஊராகப் போன நடிகர் வடிவேலு, தன் பேச்சின் பெரும்பகுதியை விஜயகாந்தைக் கேலி செய்வதற்கே செலவிட்டார். கூட்டம் கூடியது, கைதட்டலும் விழுந்தது. முடிவில் விஜயகாந்தின் தேமுதிக 29 இடங்கள், திமுக 23 இடங்கள். எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில் விஜயகாந்த் அமர்ந்தார். வடிவேலுவுக்கு அதன்பிறகு படவாய்ப்புகள் வெகுவாகக் குறைந்தன.

2016 தேர்தல் விளம்பர நிறுவனங்களின் தேர்தல். ‘முடியட்டும், விடியட்டும்’ என்றது திமுக. முதலமைச்சரை மக்கள் பதாகையில்தான் பார்க்க முடிகிறது என்று, சின்னத்திரையில் புகழ்பெற்ற ‘என்னம்மா இப்படிப் பண்றீங்களேம்மா’ என்ற வசனத்தை வைத்து நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்தது. அதிமுகவும் பதிலுக்குப் படங்களை இறக்கியது. ஒரு விளம்பரத்தில் ஆட்சியைக் குறைசொன்ன அதே மூதாட்டி, மறுதரப்பு விளம்பரத்தில் அதே ஆட்சியைப் போற்றிக்கொண்டிருந்ததை மக்கள் கண்டுபிடித்துக் கைப்பேசியில் சுற்றவிட்டார்கள். நடித்துப் பிழைக்கும் அந்த அம்மையார் மீது எந்தக் குற்றமும் இல்லை. பாதிக்கப்பட்டவர் குரல் என்று காட்டப்பட்டது கூலிக்குப் பேசப்பட்ட குரல் என்பதை மறைத்த கட்சிகள் மீதுதான் குற்றம். மே 16 அன்று வாக்குப்பதிவு நடந்த 232 தொகுதிகளில் அதிமுக 134 இடங்களைப் பிடித்தது.

2021-இல் ஒரே கட்சியிலிருந்து இரண்டு விதமான தாக்குதல்கள் வந்தன. மதுரை தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரி 27 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டியிருந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்தும் கட்டடம் எழவில்லை என்பதைச் சொல்ல, உதயநிதி ஸ்டாலின் ஒற்றைச் செங்கல்லைக் கையில் தூக்கிக் காட்டினார். அதே வாரங்களில் ஆ.ராசா, முதலமைச்சர் பழனிசாமியின் பிறப்பைத் தொட்டு ஓர் உவமை சொன்னார். அரசியல் வளர்ச்சியைப் பற்றித்தான் பேசினேன் என்று பிறகு விளக்கி வருத்தமும் தெரிவித்தார். தேர்தல் ஆணையம் அவரை 48 மணி நேரம் பிரசாரம் செய்ய விடாமல் தடுத்து, நட்சத்திரப் பேச்சாளர் பட்டியலிலிருந்தும் நீக்கியது. திமுக வென்றது, ஆகவே அந்தப் பேச்சு தேர்தல் முடிவை மாற்றவில்லை. ஆனால் வெற்றி தோல்வியை வைத்து இதை அளக்கக் கூடாது. செங்கல் சொன்னது உண்மையா என்று சந்தேகப்பட்டவர் தோப்பூருக்குப் பேருந்து ஏறிப் போய்ப் பார்த்திருக்கலாம். ஒரு மனிதரின் தாயைப் பற்றிய உவமையில் சரிபார்க்க என்ன இருக்கிறது? 2024-இல் ஒரு ரூபாய் வரிக்கு 28 பைசாதான் திரும்பி வருகிறது என்ற தாக்குதலும் செங்கல் வகைதான். பாஜக அந்தக் கணக்கை மறுத்தது. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் நிதிப் பகிர்வைப் பற்றித் தெருவில் நின்று வாதாடின. அப்படிப்பட்ட சண்டை எவ்வளவு நடந்தாலும் நல்லதே.

தமிழகத்துக்கு வெளியிலும், சரிபார்க்கக்கூடிய தாக்குதல், சரிபார்க்க முடியாத தாக்குதல் என்ற இதே இரண்டு ஓட்டங்கள்தான். 1964 செப்டம்பர் 7 அன்று லிண்டன் ஜான்சன் தரப்பு ஒரே ஒரு முறை ஒளிபரப்பிய படத்தில், பூவிதழ் எண்ணும் சிறுமி மீது அணுகுண்டு வெடித்தது. எதிராளி கோல்டுவாட்டரின் பெயர்கூட அதில் வரவில்லை. அச்சம் மட்டுமே இருந்தது. 1978-இல் பிரிட்டனின் கன்சர்வேடிவ் கட்சி, வேலையில்லாதோர் வரிசை என்று ஒரு சுவரொட்டி போட்டது. வரிசையில் நின்றவர்கள் அந்தக் கட்சியின் சொந்தத் தொண்டர்கள். இந்தியாவில் 1984-இல் ரீடிஃப்யூஷன் நிறுவனம் காங்கிரசுக்குச் செய்த விளம்பரங்கள் பிரிவினை பயத்தை நாளிதழ்களில் பரப்பின. கர்நாடகத்தில் 2022-இல் காங்கிரஸ் ஒட்டிய ‘பே சிஎம்’ சுவரொட்டிகள் 40 சதவீதக் கமிஷன் குற்றச்சாட்டை ஊரறியச் செய்தன; 2023-இல் அக்கட்சி 135 இடங்களில் வென்றது. 2024 மே மாதம் திரிணமூல் காங்கிரசுக்கு எதிரான பாஜக விளம்பரங்களுக்குக் கல்கத்தா உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மேல்முறையீட்டுக்கு வந்தபோது, விளம்பரங்கள் இழிவுபடுத்துபவையாகவே தெரிகின்றன என்று சொல்லி உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. அதற்குள் ஏழு கட்டத் தேர்தலில் ஒரே ஒரு கட்டம்தான் மிச்சமிருந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. வேட்பாளரின் தனிப்பட்ட ஒழுக்கத்தைப் பற்றித் தெரிந்தே பொய் சொல்வது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(4) பிரிவின்படி ஊழல் நடவடிக்கை. நிரூபித்தால் தேர்தலே செல்லாது. நடத்தை விதிகள் விமர்சனத்தைக் கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல்பாடு என்ற எல்லைக்குள் நிறுத்தச் சொல்கின்றன. 2004-இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுக்குப் பிறகு தொலைக்காட்சி விளம்பரங்களுக்கு முன்சான்று கட்டாயம். 2018 தீர்ப்பின்படி, குற்ற வழக்குள்ள வேட்பாளர் தன் வழக்குகளைத் தானே மூன்று முறை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரம் செய்ய வேண்டும். சட்டம் ஒருவரைத் தனக்கு எதிராகவே பிரசாரம் செய்ய வைக்கும் இந்த ஏற்பாடு, இந்தியத் தேர்தல் முறையின் அருமையான விதிகளுள் ஒன்று. தலைவர் படத்தோடு வரும் முழுப்பக்க விளம்பரத்துக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன எழுத்துக் கட்டத்தை எத்தனை பேர் நின்று படிக்கிறார்கள் என்பதுதான் கவலை.

இருக்கும் விதிகளில் மிக எளியது 127ஏ. தேர்தல் துண்டறிக்கையிலும் சுவரொட்டியிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இதன் முக்கியத்துவம் 123(4)-ஐச் சேர்த்துப் படித்தால்தான் புரியும். பொய்ப் பழிக்காக ஒருவரின் வெற்றியை ரத்து செய்ய, அதைச் சொன்னது அவரோ அவர் சம்மதம் பெற்றவரோதான் என்று வழக்குத் தொடுத்தவர் நிரூபிக்க வேண்டும். பெயரில்லாத சுவரொட்டியை யார் தலையில் கட்டுவது? சாதியைக் கிளறும் சுவரொட்டியும், பெண் வேட்பாளரை இழிவு செய்யும் சுவரொட்டியும் விடியற்காலையில் அநாமதேயமாக முளைப்பதன் காரணம் இதுதான். இன்று அந்த இருட்டு கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது. கட்சிப் பெயர் இல்லாத சமூக ஊடகப் பக்கங்கள் காசு கொடுத்து விளம்பரம் ஓட்டுகின்றன. செயற்கை நுண்ணறிவு எவர் குரலையும் போலி செய்கிறது. போலிக் காட்சிகளைத் தெரியவந்த மூன்று மணி நேரத்துக்குள் கட்சிகள் நீக்க வேண்டும் என்று 2024 மே 6 அன்று ஆணையம் அறிவுறுத்தியது. வாட்ஸ்அப் குழுக்களில் ஓடும் காட்சிக்கு மூன்று மணி நேரம் என்பது ஒரு யுகம்.

இதில் பேசப்படாத இழப்பு ஒன்று உண்டு, அதைப் பச்சைமலையில் நின்று பார்த்தால் தெரியும். 2008 மறுவரையறைக்கு முன்பு உப்பிலியபுரம் பழங்குடியினருக்கான தனித்தொகுதியாக இருந்தது. அது இல்லாமல் போய், திருச்சி மாவட்டப் பக்கத்து மலை ஊர்கள் இப்போது துறையூர் தொகுதியில் இருக்கின்றன. டாப் செங்காட்டுப்பட்டியைச் சுற்றியுள்ள மலையாளிப் பழங்குடி மக்களுக்குக் கேட்க வேண்டிய கேள்விகள் சாலை, மருத்துவம், மரவள்ளிக்குக் கிடைக்கும் விலை, சாதிச் சான்றிதழ் பற்றியவை. தங்கள் சட்டமன்ற உறுப்பினர் ஐந்து ஆண்டுகளில் இவற்றில் எதைச் செய்யவில்லை என்று ஒரு துண்டறிக்கை பட்டியலிட்டால், அது அவர்களுக்குப் பயனுள்ள எதிர்மறைப் பிரசாரம். சென்னையில் தயாராகி மேலே வருவதோ தலைவர்கள் ஒருவரையொருவர் ஏசும் காணொளி. மாநிலம் முழுவதற்கும் ஒரே வசை என்றான பின், தொகுதியின் குறை விளம்பரத்தில் இடம்பெறுவதே இல்லை.

ஆளுங்கட்சியைக் குறைசொல்லும் உரிமையை யாரும் குறைக்கக் கூடாது. இழிவு என்ற பெயரில் விமர்சனத்துக்கே தடை கேட்கும் மனுக்களை நீதிமன்றங்கள் கண்டிப்போடு பார்க்க வேண்டும். அந்தத் தடையால் முதலில் பலன் பெறுபவர் ஆட்சியில் இருப்பவரே. கட்டாயமாக்க வேண்டியது கையெழுத்தை: காகிதத்தில் வந்தாலும் திரையில் வந்தாலும், சொன்னவர் பெயரும் பணம் கொடுத்தவர் பெயரும் இருக்க வேண்டும். 2,000 ரூபாய் அபராதம் இன்று எந்த அச்சகத்தையும் அச்சுறுத்தாது. நாடாளுமன்றம் அதை உயர்த்த வேண்டும். வாக்காளர் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. தேர்தல் நேரத்தில் தெருவில் ஒரு சுவரொட்டியைப் பார்த்தால் அடியில் அச்சகத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே படமெடுத்து ஆணையத்தின் சி-விஜில் செயலியில் அனுப்புங்கள். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையம் தந்திருக்கும் வாக்குறுதி.