பாறை சொன்ன பாடம்

கடற்கரை ஓவியத்தைக் கண்டதும், "ஆண்டவனின் கைவண்ணமே கைவண்ணம்!" என்று கசிந்துருகுவோர் உண்டு. அவர்கள் ஒருமுறை வில்லியம் டைஸ் தீட்டிய 'பெக்வெல் விரிகுடா'வின் முன் நிற்கட்டும். 1860 இல் இலண்டனில் காட்சிக்கு வந்த ஓவியம் அது; இன்று டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது.

இங்கிலாந்தின் கெண்ட் கரை. 1858 அக்டோபர் 5, அந்திவேளை. அலை விலகிய ஈரமணல். பின்னே, வெளிறி நிற்கும் சுண்ணப்பாறை. முன்னே, கிளிஞ்சல் பொறுக்கும் பெண்கள். மண்வெட்டி ஏந்திய சிறுவன். வானிலே, உற்று நோக்கினால் மட்டும் புலப்படும் ஒரு கீற்று. ஆம், டொனாட்டியின் வால்மீன்!

டைஸ் நாத்திகரா? இல்லை, ஆழ்ந்த சமயப்பற்றாளர். மன்னன் எதெல்பர்ட்டின் திருமுழுக்கைப் பிரபுக்கள் அவைச் சுவரில் தீட்டியவரே அவர்தாம். அம்மன்னனை மதம் மாற்றிய துறவி அகஸ்தீன் 597 இல் கரையேறியதாகக் கூறப்படும் இடமோ இவ்விரிகுடாவை ஒட்டியது. ஆயினும், ஓவியத்தில் துறவி இல்லை, தேவதூதர் இல்லை. பாறை இருக்கிறது, அதன் வெடிப்பும் விரிசலும் பிசகாமல் இருக்கின்றன.

அப்பாறை என்ன? 6 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் வாழ்ந்து மடிந்த கடல் நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து இறுகிய அடுக்கு! உலகின் வயதே ஏறத்தாழ 6,000 ஆண்டு என்று ஏடு காட்டியோரின் கணக்கை, நிலநூலார் பாறை காட்டி மறுத்த காலம் அது. மறு ஆண்டு, 1859 இல், டார்வினின் நூலும் வெளிவந்தது. வால்மீன் தோன்றினால் மன்னன் மடிவான் என்று நடுங்கிய ஐரோப்பாவில், இங்கே ஒருவர் முகத்திலும் அச்சமில்லை.

"மனிதனின் சிறுமையையும் கடவுளின் பெருமையையும் காட்டுகிறது" என்பர் சிலர். மனிதன் சிறியவன்தான், ஆனால் அச்சிறுமையை அளந்து சொன்னது எது? மறையா? மனிதனின் அறிவா?

இவ்வோவியத்தின் அச்சுப்படியை என் வகுப்பில் காட்டினேன். நான் சுட்டும்வரை ஒரு மாணவனும் வால்மீனைக் காணவில்லை. படத்துப் பெண்களும் காணவில்லை! காலடியில் கோடியாண்டு வரலாறு, தலைக்குமேல் விண்ணின் விந்தை, கண்களோ கிளிஞ்சலில்! ஓரத்தே நிற்கும் ஓவியர் ஒருவரே நிமிர்ந்து நோக்குகிறார்.

கலைஞனின் கொள்கை எதுவாயினும் ஆகட்டும். அவன் கண் பொய் சொல்லாவிடில் கலை உண்மை பேசும். டைஸின் நெஞ்சு கோயிலில் இருந்தது; கண் பாறையில் இருந்தது. நாம் போற்றுவது அந்தக் கண்ணை!