ஃபெரிட்டின் ஒரு காந்தமா?

2016ல் 'நேச்சர் நியூரோசயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. நரம்பு செல்லில் டி.ஆர்.பி.வி.4 என்ற அயனிக் கதவு இருக்கிறது. அதோடு ஃபெரிட்டின் புரதத்தை மரபணு வழியாக ஒட்டிவிட்டு, வெளியே ஒரு காந்தத்தைக் காட்டினால் கதவு திறக்கும், செல் விழித்துக்கொள்ளும் என்றார்கள். பெயர் 'மேக்னட்டோ'. ஜீப்ராமீனிலும் எலியிலும் வேலை செய்ததாகத் தரவுகளும் உண்டு. மூளையில் கம்பி எதுவும் செருக வேண்டாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

என் பிரச்சினை, அந்தக் கட்டுரைக்கு அடியில் இருக்கும் ஒரு அனுமானம்தான்: ஃபெரிட்டினில் இரும்பு இருக்கு, அதனால காந்தம் இழுக்கும். இது சரியா என்று பார்க்க, அந்த இரும்பு உள்ளே எப்படிப் போகிறது என்று பார்க்கணும்.

ஃபெரிட்டின் 24 துண்டுகள் சேர்ந்த உருண்டை. வெளி விட்டம் 12 நானோமீட்டர், உள்ளே 8 நானோமீட்டர் காலியிடம். சுவரில் மூன்று துண்டுகள் சந்திக்கும் இடங்களில் சிறு வாய்க்கால்கள் உண்டு, மொத்தம் எட்டு. அவற்றின் ஓரத்தில் எதிர்மின் சுமை இருப்பதால் இரும்பு அயனி (இரண்டு நேர்மின் சுமை கொண்டது) உள்ளே ஈர்க்கப்படுகிறது. எச் வகைத் துண்டு அதை ஆக்சிஜனேற்றி மூன்று சுமை ஆக்குகிறது. எல் வகைத் துண்டு, படிகம் உருவாகத் தொடங்க இடம் கொடுக்கிறது. இப்படி அதிகபட்சம் 4,500 இரும்பு அணுக்கள் வரை சேரும்.

சேர்ந்து என்ன ஆகிறது என்பதுதான் முக்கியம். உருவாவது ஃபெரிஹைட்ரைட், ஏறக்குறைய துரு. அதில் பக்கத்துப் பக்கத்து அணுக்களின் காந்தத்தன்மை எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அடித்துவிடுகிறது. மிச்சம் நிற்பது உருண்டைக்குச் சுமார் 300 போர் மேக்னட்டான்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. 50 மில்லிடெஸ்லா காந்தப்புலம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 300ம் முழுசா ஒரே திசையில் நின்றாலும், கிடைக்கும் ஆற்றல் அறை வெப்பத்தின் இயல்பான அதிர்வு ஆற்றலில் சுமார் 30ல் ஒரு பங்கு. புயலில் ஆடும் கதவை ஊதித் திறப்பது மாதிரி. நரம்பியல் விஞ்ஞானி மார்கஸ் மைஸ்டர் அதே 2016ல் 'ஈலைஃப்' இதழில் இதை முழுமையாகக் கணக்கிட்டார். இது போன்ற கூற்றுகளுக்கும் இயற்பியலுக்கும் இடைவெளி பத்தின் அடுக்கில் 5 முதல் 10 வரை என்று வந்தது. நாலைந்து மடங்கு குறைந்திருந்தால் கருவியை மேம்படுத்தலாம். லட்சம் மடங்கு குறைந்தால் விளக்கத்தையே மாற்றணும்.

ஃபெரிட்டினை வைத்து நிஜமான காந்தம் செய்ய முடியாதா? முடியும். 1992லேயே மெல்ட்ரம், ஹேவுட், மான் மூவரும் காலி ஃபெரிட்டினுக்குள் மேக்னடைட்டை வளர்த்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் மாங்கனீஸ் ஆக்சைடும் உள்ளே போனது. ஆனால் மேக்னடைட்டுக்குத் தேவைப்பட்டது சுமார் 60 டிகிரி வெப்பம், காரத் தன்மை, ஆக்சிஜனைக் கட்டுப்படுத்திய சூழல். உயிருள்ள செல்லில் அது கிடையாது. இதிலிருந்து தெரிவது: கூண்டு தீர்மானிப்பது துகளின் அளவை. துகளின் குணத்தைத் தீர்மானிப்பது சுற்றியிருக்கும் வேதியியல். மேக்னட்டோ கட்டுரை இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை என்பதே என் விமர்சனம்.

2020ல் அதே இதழில் மூன்று குழுக்கள், மேக்னட்டோ தங்கள் ஆய்வகத்தில் வேலை செய்யவில்லை என்று எழுதின. அதே ஆண்டு வேறொரு குழு, ரேடியோ அலைகளை வைத்துச் செய்த சோதனையில், ஃபெரிட்டினின் இரும்பு செல் சவ்வின் கொழுப்பை ஆக்சிஜனேற்றுவதால் கதவு திறக்கலாம் என்றது. காந்தம் தள்ளவில்லை, வேதியியல் திறந்தது என்கிற வாதம். இது நிற்குமா என்பது தனிக் கேள்வி. ஆனா ஃபெரிட்டினின் இயல்புக்குப் பொருந்துகிற கேள்வி.

கவனித்தீர்களா, மைஸ்டரின் கணக்குக்கு ஆய்வகமே தேவைப்படவில்லை. பிளஸ் டூ இயற்பியலும் ஒரு காகிதமும் இருந்தால் அதன் முதல் படியை நாமே போட்டுப் பார்க்கலாம். எலிகளுக்கு முன்னால் அந்தக் காகிதம் வந்திருக்கணும்.