பணிவு என்கிற பதக்கம்

'நான் ரொம்ப சாதாரண ஆள் சார்' என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் கொஞ்சம் உஷாராகிவிடுவேன். அடுத்த அரைமணி நேரம் அவரைப் பற்றித்தான் பேச்சு ஓடும்.

கிறிஸ்துவ மதம் இந்த ஆசாமியை ரொம்ப நாளாகவே கவனித்து வருகிறது. ஆறாம் நூற்றாண்டின் கடைசியில் போப் முதலாம் கிரகோரி பெரும்பாவங்களைப் பட்டியல் போட்டபோது, அகந்தையை மற்றவற்றோடு சேர்க்காமல் எல்லாவற்றுக்கும் வேர் என்று தனியாக வைத்தார். சரி, வேரை எப்படிப் பிடுங்குவது? பணிவாக இருந்து பார்க்கலாம். அங்கேதான் சிக்கல். பணிவு வந்த மறுநிமிஷமே, 'அட, நமக்குத்தான் எவ்வளவு பணிவு!' என்று உள்ளே ஒரு குரல் கேட்கும்.

இந்தக் குரலை விடாமல் துரத்திப் போகிற கதை, டால்ஸ்டாயின் 'ஃபாதர் செர்ஜியஸ்'. 1890-ல் ஆரம்பித்து 1898 வரை எழுதியவர், அச்சுக்குக் கொடுக்கவில்லை. அவர் இறந்த அடுத்த வருஷம், 1911-ல்தான் வெளியானது.

கசாட்ஸ்கி என்ற இளவரசன், ராணுவ அதிகாரி. பிரெஞ்சோ, சதுரங்கமோ, எதைத் தொட்டாலும் முதல் இடம் வேண்டும் அவனுக்கு. கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது, தான் சக்கரவர்த்தியின் ஆசைநாயகியாக இருந்தவள் என்று மணப்பெண்ணே சொல்லிவிடுகிறாள். இவன் எல்லாவற்றையும் உதறிவிட்டு மடத்துக்குப் போய்விடுகிறான். ஊரே வியக்கிறது. அவனைப் போலவே கர்வம் பிடித்த அவன் சகோதரிக்கு மட்டும்தான் விஷயம் புரிகிறது: தன்னைவிட மேலே இருந்தவர்களை இனி இன்னும் மேலே நின்று பார்க்கப் போகிறான்.

நான் பி.காம். படித்தவன். ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு எழுதியாக வேண்டும் என்பது பாலபாடம். பதவியை விட்டான், பற்று. எல்லோரையும்விட உயர்ந்துவிட்டான், வரவு. பேரேடு கச்சிதமாக டேலி ஆகிறது!

செர்ஜியஸ் என்று பெயர் மாறியும் கணக்கு மாறவில்லை. தனிக் குடிலில் தவம் இருக்கும் அவரை மயக்கிக் காட்டுவதாகப் பந்தயம் கட்டிக்கொண்டு ஒரு பணக்காரப் பெண் வருகிறாள். ஆசையை அடக்க, கோடரியால் தன் விரலையே வெட்டிக்கொள்கிறார். நமக்கெல்லாம் இந்தக் காட்சிதான் மனசில் நிற்கும். ஆனால் டால்ஸ்டாய் அதில் மயங்கவில்லை. விரல் போனது, புகழ் வந்தது. நோயாளிகள் வரிசையில் நிற்கிறார்கள், மடத்துக்கு நல்ல வருமானம். கடைசியில் வைத்தியத்துக்கு வந்த ஒரு வியாபாரியின் மகளிடம் விழுந்துவிடுகிறார். அந்தக் கோடரியெல்லாம் எங்கே போயிற்று?

தலைமுடியை வெட்டிக்கொண்டு, நாடோடியாக நடந்து, சின்ன வயதில் தெரிந்த பாஷென்காவின் வீட்டுக்கு வருகிறார். கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சிறுவர்கள் எல்லோரும் சேர்ந்து, 'எப்படி நீந்துவாய், காட்டு' என்று தரையில் படுக்க வைத்துச் சிரித்த அசட்டுப்பெண் அவள். இப்போது கிழவி. பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்து மகள், வேலையில்லாத மாப்பிள்ளை, பேரக்குழந்தைகள் அத்தனை பேருக்கும் சோறு போடுகிறாள். வாசலில் நிற்கும் பிச்சைக்காரனுக்குக் காசு போடலாமா, ரொட்டி மட்டும் போதுமா என்று தடுமாறுகிறாள். பிறகு தன் கஞ்சத்தனத்துக்குத் தண்டனை என்று இரண்டையும் கொண்டுவந்து கொடுக்கிறாள். அப்போதும், 'இவ்வளவுதானா கொடுத்தோம்' என்று கூச்சம்.

'கோயிலுக்குப் போவாயா?' என்று கேட்கிறார். எப்போதாவதுதானாம். உடுத்தப் போக நல்ல துணி இல்லை, சோம்பேறித்தனம் வேறு என்கிறாள். ஜெபமும் ஏதோ கடமைக்குத்தான். பேச்சுக்கு நடுவே மாப்பிள்ளை வேறு கூப்பிட, எழுந்து போய்விட்டு வருகிறாள். அவளிடம் பேரேடே கிடையாது. எழுத நேரம் ஏது?

இங்கே டால்ஸ்டாயிடம் எனக்கு ஒரு வருத்தம். இந்த வீட்டில் அவரால் சில பக்கங்களுக்கு மேல் உட்கார முடியவில்லை. செர்ஜியஸை மறுபடி சாலையில் இறக்கிவிடுகிறார். வழியில் பெரிய மனிதர்கள் சிலர், இவருக்குப் புரியாது என்று நினைத்து இவரைப் பற்றி பிரெஞ்சில் பேசிக்கொள்கிறார்கள். புரிந்தும் காட்டிக்கொள்ளாமல், இருபது கோபெக் பிச்சையை வாங்கிக்கொள்கிறார். அதில் அவருக்கு அலாதி சந்தோஷம். எனக்கென்னவோ அந்த சந்தோஷத்தில் பழைய கசாட்ஸ்கியின் வாசனை அடிக்கிறது. 'நான் யார் தெரியுமா' என்பதை மனசுக்குள் சொன்னால் மட்டும் அது வேறாகிவிடுமா? டால்ஸ்டாய் இதை விடுதலை என்று காட்டுகிறார். விரலை வெட்டியபோது ஏமாறாதவர், இந்த இடத்தில் ஏமாந்துவிட்டார் என்றே நினைக்கிறேன்.

அவர் வாழ்க்கையைப் பார்த்தால் காரணம் கொஞ்சம் புரிகிறது. 1910-ல், 82 வயதில், ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைவிட்டுக் கிளம்பினார் டால்ஸ்டாய். எளிமையைத் தேடித்தான். அஸ்தபோவோ ரயில் நிலையத்தில் நோயில் படுத்ததும் பத்திரிகைக்காரர்களும் சினிமா கேமராவும் வந்து குவிந்தார்கள். அவர் மனைவி சோபியா பாஷென்கா அல்ல. கோபக்காரி, டயரியில் விளாசித் தள்ளியவர். ஆனால் 48 வருஷ தாம்பத்தியத்தில் 13 பிள்ளை பெற்று, பண்ணையைப் பார்த்துக்கொண்டு, 'போரும் அமைதியும்' நாவலைக் கையாலேயே படியெடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். கணவர் நினைவிழக்கும் வரை அவரை உள்ளே விடவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டு வெளியே நின்றார்.