ஒரே இழுப்பு

டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரின் விசையை ஒருமுறை இழுத்தால் மூன்று வேலை நடக்கும்: உருளை சுழன்று அடுத்த அறை குழாய்க்கு நேரே வரும், சுத்தி பின்னால் எழும், பிறகு விடுபட்டு அடிக்கும். இழுத்தாலும் சுடலாம், கட்டைவிரலால் சுத்தியை ஏற்றியும் சுடலாம் என்ற இந்த ஏற்பாட்டுக்கு ஆங்கிலேய அதிகாரி போமான்ட் 1856இல் காப்புரிமை பெற்றார். நூற்று எழுபது ஆண்டுகளாகியும் எனக்கு அலுக்காத பொறிநுட்பம் இது.

நன்கு பழகிய விசை, எண்ணெய் போட்ட கிணற்று ராட்டினம் போலத் தடையின்றி வரும். பலர் ஸ்பிரிங்கை வெட்டி அந்த மென்மையைக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். அது தவறு. சுத்தியின் அடி பலவீனமாகி, தோட்டா வெடிக்காமல் போகலாம். ஸ்பிரிங்கின் பலத்தை அல்ல, உராய்வைத்தான் குறைக்க வேண்டும். கைதேர்ந்தவர் எஃகு எஃகோடு உரசும் பக்கங்களை மட்டுமே நுண்கல்லால் தேய்ப்பார். சுத்தியைக் கவ்விப் பிடிக்கும் விளிம்புகளைத் தொடவே மாட்டார். அங்கே கோணம் சற்று மாறினாலும் துப்பாக்கி தானாக வெடிக்கலாம்.

நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். ஆகவே தேய்ப்பு வேலை உரிமம் பெற்றவரிடமே போகட்டும். வீட்டில் செய்யக்கூடியது சுத்தம். விசையின் கரகரப்புக்குப் பல நேரம் உறைந்துபோன பழைய எண்ணெய்தான் காரணம். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, உருளையின் எல்லா அறைகளும் காலிதானா என்று இருமுறை பார்த்துத் துடையுங்கள். மெல்லிய எண்ணெய் ஓரிரு சொட்டு போதும்.

சென்னையில் ஆழ்வார்பேட்டை வரை கடலின் உப்புக்காற்று வருகிறது. உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைத் தோல் உறைக்குள் போட்டுப் பூட்டி வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து எஃகைத் துருவேற்றிவிடும்.